ஓஏடிஜி என்றால் என்ன? ஜப்பானில் ஐபிஎம் பிசிக்கு ஏன் தனியாக ஒரு சங்கம்?

குமரன்_நகோயா:

எல்லோருக்கும் வணக்கம். நகோயா பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஒரு பழைய சோதனை இயந்திரம் இருக்கிறது. அதை இன்னமும் ஓட்டிக்கொண்டிருப்பது என்இசி பிசி-9801 ஒன்று. நம்ப மாட்டீர்கள், தினமும் காலையில் பீப் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஒழுங்காகக் கிளம்பிவிடுகிறது. அதற்குப் பதில் புது பிசி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

புது பிசிக்கு வந்த கீபோர்டின் காகிதத்தில் "ஓஏடிஜி 109ஏ" என்று போட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். ஓய்வுக்குப் பிறகும் ஒப்பந்தத்தில் வேலைக்கு வரும் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே "டோஸ்புய், டோஸ்புய்" என்றார். நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து வைத்த சங்கம் அது, என்இசியை வீழ்த்துவதற்காகவே கூடியது என்றும் சொன்னார். என் ஜப்பானிய மொழி அதற்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். நம் ஊரில் 90-களில் யார் வேண்டுமானாலும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி, கேபினெட்டில் மாட்டி, டாஸ் போட்டு ஐபிஎம் கம்பாட்டிபிள் என்று விற்றார்கள். யாரும் சங்கம் வைக்கவில்லை. உலகத்துக்கே எலக்ட்ரானிக்ஸ் விற்ற ஜப்பானில் இதற்கு எதற்குக் கூட்டமைப்பு? என்இசி ஏன் தனியாகப் போனது? எம்எஸ்எக்ஸ் என்று ஒன்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதுவும் இதுவும் ஒன்றா?

கூடவே ஒரு நடைமுறைச் சந்தேகம். அந்த 9801-இன் மூன்றரை அங்குல ஃப்ளாப்பியை என் யூஎஸ்பி டிரைவில் போட்டால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. ஃப்ளாப்பி கெட்டுப்போய்விட்டதா?


கேட்ரிட்ஜ்_பிரியன்:

எம்எஸ்எக்ஸ் வேறு கதை. 1983 ஜூனில் அறிவித்தார்கள். ஆஸ்கி நிறுவனத்தின் நிஷி கசுஹிகோதான் மூளை, மைக்ரோசாஃப்ட் கூட்டு. இசட்80 சிப், வீட்டு டிவியில் செருகுகிற கம்ப்யூட்டர், கேட்ரிட்ஜ் விளையாட்டுகள். சோனி, மாட்சுஷிதா, சான்யோ, கொரியாவில் டேவூ என்று பலர் தயாரித்தார்கள். யார் பெட்டி வாங்கினாலும் அதே கேட்ரிட்ஜ் ஓடும், அதுதான் அதன் அழகு. ஆனால் அது பிள்ளைகள் அறைக்குப் போன மெஷின். ஆபீஸ் மேசைக்கு அது வரவே இல்லை. நீங்கள் கேட்கிற ஓஏடிஜி (பிசி ஓப்பன் ஆர்க்கிடெக்சர் டெவலப்பர்ஸ் குரூப்) ஆபீஸ் பிசி சமாச்சாரம். அதற்குப் "பழைய புரோகிராமர்" சார் வரட்டும், அவர் அந்தக் காலத்தில் அங்கேதான் இருந்தார்.

ஃப்ளாப்பியை மட்டும் தயவுசெய்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள்!


பழைய புரோகிராமர்:

டோஸ்புய்! டாஸ்/வி-யைத்தான் அப்படிச் சொல்வாங்க, ஐபிஎம் வகை பிசியில ஜப்பானியம் ஓட்டுற டாஸ் அது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு. தம்பி, உங்க பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

நான் 91-லிருந்து சில வருஷம் டோக்கியோவில, ஷினகவா பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்தேன். 98-க்குன்னு எழுதின கணக்கு சாஃப்ட்வேரை டாஸ்/வி-க்கு மாத்துறதுதான் என் வேலை. (அங்கே யாரும் பிசி-9801-ன்னு முழுசா சொல்ல மாட்டாங்க. "கியூஹாச்சி", அதாவது 98. நானும் அப்படியே எழுதறேன்.)

முதல்ல ஒரு கணக்கு. ஒரு கான்ஜி எழுத்தை (ஜப்பானியத்தில இருக்கிற சீன வழி எழுத்து) கண்ணுக்குப் புரியற மாதிரி காட்டணும்னா குறைஞ்சது 16-க்கு 16 புள்ளி வேணும். அதாவது எழுத்துக்கு 32 பைட். ஜப்பானியத் தரப்பட்டியல்ல ஏறக்குறைய 6,900 எழுத்து. பெருக்கிப் பாருங்க, 200 கேபி-க்கு மேல போகுது. 98 வந்தது 1982 அக்டோபர்ல. அதில இருந்த மொத்த ராமே 128 கேபி. எழுத்துருவை ராம்ல வைக்கிற பேச்சே கிடையாது. அதனால என்இசி என்ன செஞ்சாங்கன்னா, கான்ஜி எல்லாத்தையும் ரோம் சிப்ல வச்சாங்க. முதல் மாடல்ல அது தனியா வாங்கி மாட்டுற அட்டை, அப்புறம் வந்ததில உள்ளேயே இருந்தது. எழுத்தோட ரெண்டு பைட் குறியீட்டைத் திரை நினைவகத்தில போட்டா போதும், ஹார்ட்வேரே ரோமில தேடி எடுத்துத் திரையில வரைஞ்சிடும். 8086 சிப்புக்கு ஒரு வேலையும் இல்லை. அன்றைக்கு அதுதான் புத்திசாலித்தனமான வழி. என்இசி "தனியா போச்சு"ன்னு சொல்றதை விட, அப்போ வேற வழி இல்லைன்னு சொல்லலாம்.

நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஏன்னா நாம ஆபீஸ்ல இங்கிலீஷ்லயே காலத்தை ஓட்டிட்டோம்.

சிக்கல் என்னன்னா, ஆளாளுக்கு ஒரு வழி. என்இசிக்கு ஒண்ணு, புஜித்சுவுக்கு ஒண்ணு. ஐபிஎம் ஜப்பானே 1983-ல 5550-ன்னு ஒரு மெஷின் விட்டது. 24 புள்ளி எழுத்து, 1024-க்கு 768 திரை, பார்க்க அச்சு மாதிரி இருக்கும். ஆனா அமெரிக்காவில விக்கிற ஐபிஎம் பிசிக்கான புரோகிராமை அதில போட்டா ஓடாது! எல்லார்கிட்டயும் எம்எஸ்-டாஸ் இருந்தது, ஒருத்தர் சாஃப்ட்வேர் இன்னொருத்தர்கிட்ட ஓடாது. இந்தச் சண்டையில 98 ஜெயிச்சது. தோகுஷிமாவில இருந்த ஜஸ்ட்சிஸ்டம் கம்பெனியோட இச்சிதாரோ வேர்ட் புராசஸர் 98-ல வந்ததும் ஆபீஸ்காரங்க எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சாங்க. சந்தையில பாதிக்கு மேல என்இசி கையில. எப்சன் மட்டும் 98-ஐப் பார்த்து நகல் மெஷின் போட்டது. 1987-ல என்இசி வழக்குப் போட்டு, அந்த வருஷமே சமரசம் ஆச்சு. ஆனாலும் என்இசி விட்ட எம்எஸ்-டாஸ் "இது எப்சனா?"ன்னு பார்த்து, ஆமான்னா ஓட மாட்டேன்னு நின்னுடும். எப்சன் அதுக்கு ஒரு ஒட்டுப்போடுற புரோகிராம் குடுத்தது. இப்படி ஒரு குடுமிப்பிடி.

இப்போ சங்கத்துக்கு வரேன். ஓஏடிஜி முதல் சங்கம் இல்லை. அதுக்கு முன்னாடி ஏஎக்ஸ்-னு ஒண்ணு, 1987-ல. மைக்ரோசாஃப்டோட ஜப்பான் கிளை முன்னால நின்னது. சான்யோ, ஷார்ப், மிட்சுபிஷி, ஓகி, கேசியோ, கேனான், சோனி எல்லாம் உள்ளே. எண்ணம் சரியான எண்ணம்: ஐபிஎம் ஏடி மெஷினை (ஐபிஎம் பிசியோட அடுத்த தலைமுறை) அப்படியே எடுத்துக்குவோம், ஜப்பானிய மொழியை மட்டும் சேர்ப்போம். எங்கே கோட்டை விட்டாங்கன்னா, அந்தச் "சேர்ப்போம்"-ல. அப்போ ஐபிஎம் பக்கம் இருந்த இஜிஏ திரைக்கு 350 வரிசைப் புள்ளிதான். 25 வரி எழுத்துக்குப் பங்கு போட்டா வரிக்கு 14 புள்ளி. கான்ஜிக்கு 16 வேணுமே? அதனால ஜேஇஜிஏ-ன்னு தனி வீடியோ சிப், தனிக் கான்ஜி ரோம், தனி கீபோர்டு. அதாவது உலகச் சந்தையில மலிவா கிடைக்கிற வீடியோ அட்டை அதில வேலைக்கு ஆகாது. 98 மாதிரியே விலை, 98-ல இருக்கிற சாஃப்ட்வேர் மட்டும் கிடையாது. யார் வாங்குவா?

இதில ஒரு கொடுமை பாருங்க. அதே 1987 ஏப்ரல்ல ஐபிஎம் அமெரிக்காவில விஜிஏ-ங்கிற புதுத் திரைத் தரத்தை விட்டாச்சு. 480 வரிசைப் புள்ளி. 25-ஆல வகுத்தா வரிக்கு 19. கான்ஜிக்கு 16, மிச்சம் 3 புள்ளி இடைவெளி. ஜப்பானை மனசில வச்சு யாரும் விஜிஏவைப் பண்ணலை, ஆனா அச்சு அசலா பொருந்துது. ஏஎக்ஸ்காரங்க தனிச் சிப் போட்டு எதைச் சாதிச்சாங்களோ, அது சாதாரண அட்டையிலேயே வந்துடுச்சு.

இதைப் பிடிச்சுக்கிட்டது ஐபிஎம் ஜப்பானோட யமாதோ ஆய்வகம். 1990 அக்டோபர்ல டாஸ் ஜே4.0/வி வந்தது. வி-ன்னா விஜிஏ. அதில கான்ஜி ரோம் கிடையாது. எழுத்துரு ஹார்ட் டிஸ்க்ல ஒரு ஃபைல். பூட் ஆகும்போது ஒரு டிரைவர் அதை எடுத்து 1 எம்பி-க்கு மேல இருக்கிற நினைவகத்தில வச்சுக்கும். இன்னொரு டிரைவர் விஜிஏவைக் கிராஃபிக்ஸ் நிலையில வச்சு, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியா வரையும். புரோகிராமுக்கு மட்டும் "நீ டெக்ஸ்ட் திரையிலதான் இருக்கே"ன்னு பொய் சொல்லும். 82-ல நடக்காத காரியம் 90-ல நடந்ததுக்குக் காரணம் ராம் மலிவாச்சு, 386 வேகமாச்சு, அவ்வளவுதான். எந்தத் தைவான் போர்டு, எந்த விஜிஏ அட்டை ஆனாலும் இந்த டாஸைப் போட்டா அது ஜப்பானியம் பேசும்.

ஆனா ஐபிஎம் இதைத் தன் பெட்டிக்குள்ளேயே பூட்டி வச்சிருந்தா இன்னொரு 5550 ஆகியிருக்கும். 1991 மார்ச்ல ஓஏடிஜியை ஆரம்பிச்சது அதுக்காகத்தான். போட்டிக்காரங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு, இதோ வரையறை, எடுத்துக்கோங்கன்னு குடுத்தாங்க. ஏஎக்ஸ்ல இருந்த பலர் வரிசையா இந்தப் பக்கம் வந்தாங்க. சங்கம் செஞ்ச வேலை பார்க்கப்போனா சப்புன்னு இருக்கும்: எந்த பயாஸ் (மெஷினுக்குள்ளேயே இருக்கிற அடிப்படை புரோகிராம்) அழைப்பு என்ன செய்யணும், கீபோர்டில எந்த விசை எங்கே, இதையெல்லாம் தடித்தடியா டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் புத்தகமாப் போட்டாங்க. உங்க கீபோர்டு அங்கேயிருந்து வந்ததுதான். ஐபிஎம்மோட 5576 கீபோர்டு ஒண்ணை வச்சு 106 விசைன்னு வகுத்தாங்க. விண்டோஸ் 95-க்காக மூணு விசை சேர்த்து 109. அதோட திருத்தம்தான் 109ஏ.

அந்தப் புத்தகம் எங்க ஆபீஸ்ல ஒரே பிரதி. காப்பிக் கறையோட சுத்தி வரும். எனக்கு அதில உயிர் மாதிரி இருந்தது ரெண்டு அழைப்பு. 98-ல புரோகிராமர்கள் வேகத்துக்காக டாஸைக் கேட்காம நேரா ஏ000 முகவரியில இருக்கிற திரை நினைவகத்தில எழுதிடுவாங்க, நிறம் ஏ200-ல. அதையும் டாஸ் பயன்படுத்துற ஷிப்ட்-ஜிஸ் எழுத்துக் குறியீட்டில எழுத முடியாது, ஜிஸ்-ங்கிற இன்னொரு குறியீட்டுக்கு மாத்தி எழுதணும். எங்க கணக்கு சாஃப்ட்வேர்ல அது நூத்துக்கணக்கான இடத்தில சிதறிக் கிடந்தது. டாஸ்/வி-ல அப்படி நேரா எழுதினா ஒண்ணுமே தெரியாது, ஏன்னா திரை உண்மையில கிராஃபிக்ஸ்ல இருக்கு. இன்டரப்ட் 10-ல எஃப்இ-ன்னு கூப்பிட்டு "போலித் திரை எங்கே இருக்கு?"ன்னு கேட்கணும். அங்கே எழுதிட்டு எஃப்எஃப் கூப்பிட்டு "இத்தனை எழுத்தை இப்போ வரை"ன்னு சொல்லணும். எஃப்எஃப்-ஐ ஒரு இடத்தில விட்டுட்டீங்கன்னா தொகை மாறியிருக்கும், திரையில மட்டும் பழைய தொகையே நிக்கும். கணக்கு சாஃப்ட்வேர்ல இது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் ஒருத்தரோட கணக்குப் பிரிவில 98-ஐயும் புது மெஷினையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் காட்டினோம். அங்கே இருந்த மூத்த அம்மா ஒருத்தங்க லெட்ஜரைத் திறந்து கீழ் அம்பு விசையை அழுத்திப் பிடிச்சாங்க. 98-ல வரிகள் சும்மா பறக்குது. நம்ம மெஷின்ல ஈரப் போர்வையை இழுக்கிற மாதிரி திரை இழுபட்டு வருது. அவங்க ஒண்ணும் சொல்லலை, மறுபடி ஒரு தடவை அழுத்திப் பார்த்துட்டு மரியாதையா தலை குனிஞ்சாங்க. ஜப்பான்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். டிஸ்ப்ளே டிரைவருக்கு ஹெச்எஸ்-னு ஒரு ஸ்விட்ச் உண்டு, ஹார்ட்வேர் ஸ்க்ரோல். அதை ஆன் பண்ணினா வேகம் வரும், ஆனா சில விஜிஏ அட்டையில திரை சிதறிடும். எந்த அட்டைக்கு எந்த நிலைன்னு நாங்க ஒரு பட்டியலே வச்சிருந்தோம். தரம்னு பேரு, உள்ளே போய்ப் பார்த்தா இப்படித்தான்.


சிலிகான்_செல்வம்:

சார், அருமையான பதிவு. ஆனால் ஒரு விஷயத்தில் உடன்பட மாட்டேன். ஓஏடிஜிக்கு நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே மாலை போடுகிறீர்கள். சங்கம் கூடி, புத்தகம் போட்டு, கறை பட்டு... அதனால் எல்லாம் 98 சாகவில்லை. 1992 அக்டோபரில் காம்பாக் 1,28,000 யென்னுக்குப் பிசி விற்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஜப்பான் விழித்தது. "காம்பாக் ஷாக்" என்று அவர்களே பெயர் வைத்தார்கள். பின்னாலேயே டெல் வந்தது. 1993 மே மாதம் ஜப்பானிய விண்டோஸ் 3.1. விண்டோஸ் வந்த பிறகு திரையில் எழுத்தை வரைவது விண்டோஸின் வேலை. டாஸ்/வி-யின் வித்தையெல்லாம் அதோடு காலாவதி. ஆக விலையும் விண்டோஸும்தான் காரணம். சங்கம் இருந்திருக்காவிட்டாலும் இது நடந்திருக்கும்.

இன்னொரு கேள்வி. நம் சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) போட்ட ஜிஸ்ட் கார்டும் இதே மாதிரிதானே? 90-களின் தொடக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டிபேஸில் தமிழ் ஓடுவதைப் பார்த்து அசந்து போனேன்.


பழைய புரோகிராமர்:

செல்வம், சண்டைக்கு வந்தாச்சா? சந்தோஷம்.

காம்பாக் ஷாக் நடந்த சமயம் நான் அங்கேதான் இருந்தேன். சமத் திறமை உள்ள 98 விலையில ஏறக்குறைய பாதி. ஆபீஸ்ல அன்னிக்கு வேற பேச்சே இல்லை. ஆனா நான் உங்களைக் கேட்கிறேன்: அந்தக் காம்பாக் மெஷின்ல ஜப்பானியம் எப்படி ஓடிச்சு? டாஸ்/வி-லதானே? ஹியூஸ்டன்ல இருக்கிற கம்பெனி கான்ஜி ரோமுக்கு ஒரு சிப் வடிவமைச்சு, ஜப்பானுக்குன்னு தனி மதர்போர்டு போட்டு, அதை 1,28,000 யென்னுக்குக் குடுத்திருக்குமா? உலகத்துக்கே பண்ணின அதே போர்டை இறக்கி, கீபோர்டை மட்டும் மாத்தி விக்க முடிஞ்சதாலதான் அந்த விலை வந்தது. அந்தக் கீபோர்டுக்கு வரையறை எங்கே இருந்தது? அந்த டாஸை நம்பி இச்சிதாரோ மாதிரி சாஃப்ட்வேர்கள் ஏன் இந்தப் பக்கம் வந்தது? ஒரே ஒரு ஐபிஎம்முக்காக ஜஸ்ட்சிஸ்டம் மெனக்கெட்டிருக்காது. பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மெனக்கெடலாம்.

விண்டோஸ் விஷயத்தில நீங்க சொல்றது பாதி சரி. என்இசியோட 98-லயும் விண்டோஸ் ஓடிச்சு. அதனால 98-ஐக் கொன்னது விண்டோஸ்னு நேராச் சொல்ல முடியாது. விண்டோஸ் என்ன பண்ணிச்சுன்னா, 98-ல மட்டும் கிடைக்கிற சாஃப்ட்வேர்ங்கிற வேலியைப் பிடுங்கிப் போட்டுச்சு. வேலி போனதும் மிச்சம் இருந்தது விலை. என்இசி சும்மா இல்லை. 93 ஜனவரியிலேயே 98மேட், 98ஃபெலோன்னு விலை குறைச்சு இறக்கினாங்க. முதல் இடத்தையும் உடனே விடலை. ஆனா 93 அக்டோபர்ல புஜித்சு தன் சொந்த எஃப்எம் வரிசையோட பேரை வச்சுக்கிட்டே உள்ளே ஏடி மெஷினை வச்சு எஃப்எம்வி-ன்னு விட்டது. என்னைக் கேட்டா என்இசிக்கு விழுந்த பெரிய அடி அதுதான், காம்பாக் இல்லை. வெளியூர்க்காரன் விலை குறைச்சா ஆபீஸ் வாங்குற மேனேஜர் யோசிப்பார். புஜித்சுவே மாறிட்டான்னா அவருக்கு யோசிக்க ஒண்ணுமில்லை. 1997 அக்டோபர்ல என்இசியே 98-என்எக்ஸ்னு பேர் வச்சு ஏடி வழிக்கு வந்துடுச்சு. பழைய 98-க்கு ஆர்டர் எடுக்கிறதை 2003-ல நிறுத்தினாங்க. தம்பியோட தொழிற்சாலை மாதிரி இடங்கள்தான் அதுவரை வாங்கிக்கிட்டு இருந்தது.

டாஸ்/வி வித்தை காலாவதின்னு சொன்னீங்க. ஆச்சு, மறுக்கலை. மூணு நாலு வருஷ ஆயுள்தான். ஆனா அந்த வருஷங்கள்ல அகிஹபாராவில (டோக்கியோவோட ரிச்சி ஸ்ட்ரீட்) நடந்தது ஒரு தனி உலகம். டாஸ்/வி-ன்னா ஆபரேட்டிங் சிஸ்டம்னு அர்த்தமே போய், போர்டு வாங்கித் தானே மாட்டுற மெஷினுக்கெல்லாம் அதுதான் பேரு. விண்டோஸ் 95 வந்து டாஸை யாரும் தொடாத காலத்திலயும் கடைப் பலகையில "டாஸ்/வி பாகங்கள்"னுதான் போட்டிருப்பான். 640-க்கு 480 போதாதுன்னு 800-க்கு 600, 1024-க்கு 768-ல டெக்ஸ்ட் காட்ட ஆர்வலர்கள் தாங்களே டிரைவர் எழுதினாங்க. வி-டெக்ஸ்ட்னு பேரு. ஐபிஎம்மும் அதுக்கு இடம் குடுத்தது. சங்கத்துப் பெரிய மனுஷங்க கோட்டு சூட்டோட ரெஃபரன்ஸ் புத்தகம் போட, இந்தப் பசங்க சந்துக் கடையில உட்கார்ந்து அதைச் சோதிச்சாங்க. ரெண்டும் இல்லாம நடந்திருக்காது.

இங்கிலீஷ் புரோகிராம் ஓட்டணும்னா "செவ் யூஎஸ்"னு ஒரு கட்டளை. திரை ஒரு தடவை இருண்டு, சாதாரண அமெரிக்க டாஸா மாறிடும். "செவ் ஜேபி" அடிச்சா திரும்ப ஜப்பானியம். 98 வச்சிருந்தவன் கனவிலயும் நினைக்காத விஷயம் இது. அமெரிக்கால வர எல்லா சாஃப்ட்வேரும் அன்னிக்கே இவன்கிட்ட ஓடும். என்னோட வேலை பார்த்த பையன் ஒருத்தன் மதியம் பூரா விளையாட்டு ஓட்டிட்டு, மேனேஜர் செருப்புச் சத்தம் கேட்டதும் "செவ் ஜேபி" அடிப்பான்.

ஜிஸ்ட் கார்டு. நல்ல ஞாபகம். ஐஐடி கான்பூர்ல தொடங்கி, பூனா சி-டாக்ல வளர்ந்தது. பிசிக்குள்ள மாட்டுற அட்டை, டிபேஸ், லோட்டஸ் மாதிரி இங்கிலீஷ் டெக்ஸ்ட் புரோகிராமுக்குத் தெரியாமயே இந்திய எழுத்துகளைக் காட்டும். அந்த வகையில அது டாஸ்/வி கட்சி இல்லை, 98, ஏஎக்ஸ் கட்சி: எழுத்தைக் காட்ட ஹார்ட்வேர். சீனாவில 1985-ல வந்த லெஜண்ட் சீன எழுத்து அட்டையும் அதே கட்சி. (அந்தக் கம்பெனிதான் இன்னிக்கு லெனோவோ, அப்புறம் ஐபிஎம்மோட பிசி வியாபாரத்தையே வாங்கிச்சு. இதையெல்லாம் ஓஏடிஜி கூட்டத்தில யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க.) நமக்கு ஒரு வசதி, தமிழ் ஒரு பைட்டுக்குள்ள அடங்கிடும். ஆங்கிலம் போக மிச்சம் இருக்கிற 128 இடம் போதும். அவங்களுக்கு ரெண்டு பைட். அந்த ரெண்டாவது பைட்ல சில எழுத்துக்கு பேக்ஸ்லாஷோட மதிப்பே வந்து உட்காரும். அந்த எழுத்தை ஃபைல் பேர்ல வச்சா, இங்கிலீஷ் புரோகிராம் அதை டைரக்டரின்னு நினைச்சுப் பேரை ரெண்டா உடைச்சிடும். அதுக்குப் பட்ட பாட்டை எழுதினா தனி இழை வேணும்.


குமரன்_நகோயா:

சார், எங்கள் பெரியவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். எஃப்எம்வி பற்றி நீங்கள் எழுதியதற்குப் பலமாகத் தலையாட்டினார். ஏஎக்ஸ் என்றதும் "மிட்சுபிஷி மெஷின் ஒன்று ஆபீஸில் இருந்தது, யாரும் தொடவில்லை" என்றார்.

கீபோர்டு பிடிபட்டுவிட்டது. @ பி-க்குப் பக்கத்தில் இருப்பதும், மேற்கோள் குறி 2-இன் மேல் இருப்பதும் இனி எனக்குக் குழப்பமில்லை. கேப்ஸ் லாக்குக்கு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதுதான் இன்னும் கை கேட்க மாட்டேன் என்கிறது.

ஃப்ளாப்பிக்கு வழி சொல்லுங்கள். இயந்திரத்தின் அளவீட்டுப் புரோகிராம் அதில் மட்டும்தான் இருக்கிறது.


கேட்ரிட்ஜ்_பிரியன்:

ஃப்ளாப்பி அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். முதலில் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி, எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

98-இன் ஃப்ளாப்பி 77 டிராக், பக்கத்துக்கு 8 செக்டர், செக்டருக்கு 1024 பைட். இரண்டு பக்கமும் சேர்த்து 12,61,568 பைட், அதனால் 1.2 எம்பி என்பார்கள். ஐபிஎம் வழி 1.44-இல் 80 டிராக், 18 செக்டர், 512 பைட். சுழலும் வேகமும் வேறு: 98-க்கு நிமிடத்துக்கு 360 சுற்று, 1.44-க்கு 300. அதனால் சாதாரண டிரைவுக்கு அது கன்னாபின்னா என்றுதான் தெரியும். ஜப்பானில் இதற்காகவே "3 மோட்" டிரைவ் விற்றார்கள். நீங்கள் அங்கேயே இருப்பதால் பழைய பொருள் கடைகளில் யூஎஸ்பி 3 மோட் டிரைவ் கிடைக்கும். பெட்டியில் 1.2 எம்பி என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

அதிலும் படிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். தொழிற்சாலை மெஷின்களில் டாஸே இல்லாமல் என்88-பேசிக்கில் (98-இன் சொந்த பேசிக் மொழி) நேராக எழுதிய புரோகிராம்கள் நிறைய. அந்த டிஸ்கின் ஃபைல் அமைப்பு வேறு, விண்டோஸ் எந்த டிரைவிலும் அதைப் படிக்காது. 98-ஐ ஆன் செய்ததும் எம்எஸ்-டாஸ் என்று வருகிறதா, பேசிக் என்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். பேசிக் என்றால், க்ரீஸ்வீசல் போன்ற அட்டையில் 34 பின் ஃப்ளாப்பி டிரைவை மாட்டி டிஸ்கை முழுசாக இமேஜ் எடுத்துவிடலாம். பிறகு 98 போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் போட்டு லிஸ்ட் கொடுத்தால் புரோகிராம் வரி வரியாக வரும்.

9801-இன் மாடல் எண்ணையும், திரையில் வரும் முதல் இரண்டு வரியையும் இங்கே போடுங்கள்.


குமரன்_நகோயா:

பேசிக்தான். "ஹவ் மெனி ஃபைல்ஸ்?" என்று கேட்கிறது. மாடல் எண்ணை நாளை ஷிஃப்டில் பார்த்துப் போடுகிறேன். டிஸ்கைப் பூட்டிவிட்டேன்.